படல் சாத்திய காடு: காங்கேயம் கொறங்காடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பசுந்தீவனம் பற்றி யாரிடம் கேட்டாலும் இன்றைக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போடுங்கள், அதில் கோ 4 ரகம் போடுங்கள், இல்லையென்றால் கோ 5. பதில் தப்பில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட கோ 4, தண்ணீரும் எருவும் குறைவில்லாமல் கிடைத்தால் எக்டேருக்கு ஆண்டுக்கு 380 டன்னை ஒட்டிப் பசும்புல் தரும். கரணை நட்டு 75, 80 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 45 நாளுக்கு ஒருமுறை அறுத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலுக்குள் சத்தமில்லாமல் ஒரு கிணறு உட்கார்ந்திருக்கிறது. கிணறு இல்லாதவர், ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் வெறும் புழுதி பறந்ததைப் பார்த்தவர், மாட்டுக்கு என்ன போடுவார்? அதற்குத் தமிழ்நாட்டிலேயே நன்றாக வேலை செய்கிற ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. கொறங்காடு, அதாவது உயிர்வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலம். அதைப் பற்றித்தான் இந்த எழுத்து, அதிலும் குறிப்பாக அது ஏன் வேலை செய்கிறது என்பதைப் பற்றி, ஏனென்றால் அந்தக் காரணத்தைப் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இடம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அங்கிருந்து கிழக்கே கரூர் வரைக்கும் போகிற வறண்ட நிலம். திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள் ஒன்றையொன்று தொடுகிற பகுதி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிட்டு இங்கே வெறும் காற்றாக வந்து சேரும். ஆடியில் நின்று பார்த்தால் தெரியும், ஆளையே தள்ளும். இந்தப் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதற்கும் அதே காற்றுதான் காரணம். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும், சித்திரை வைகாசியில் கொஞ்சம் கோடை மழை. மண் செம்மண்ணும் சரளையும், தோண்டினால் முழ ஆழத்திலேயே சுக்காம்பாறை தட்டும். கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம், மரம் அடர்ந்த வனம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காட்டிலும் ஏர் ஓட்டிக் கட்டுப்படியாகாத சரளை நிலம் எதுவோ அதைத்தான் கொறங்காடாக விட்டிருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது மூன்றே சங்கதி. சுற்றிலும் கிளுவை வேலி. தரையில் கொழுக்கட்டைப்புல். அங்கங்கே வெள்வேல மரம். இந்தக் கூட்டணியில்தான் காங்கேயம் மாடும் மேச்சேரிச் செம்மறி ஆடும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தன. காங்கேயம் மாட்டின் உடற்கட்டும் குளம்பின் உறுதியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் பழைய ஆட்கள் இந்தச் சரளைக் காட்டைத்தான் கை காட்டுவார்கள்.

எனக்குப் பெரியப்பா முறை ஆகிற ஒருவருக்கு வெள்ளகோவில் பக்கம் எட்டு ஏக்கர் சொச்சம் கொறங்காடு இருக்கிறது. அவருடைய நிலத்தையே இந்த ஆய்வுக்கு மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். எட்டு ஏக்கரையும் ஒரே வெளியாக விடாமல் மூன்று துண்டாக வேலி பிரித்திருக்கிறார், துண்டுகள் சமமாகக்கூட இல்லை, பள்ளமான இடம் சின்னதாகவும் மேட்டுச் சரளை பெரியதாகவும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படல், அதாவது தட்டிக் கதவு. மாடு, கன்று, ஆடு எல்லாம் சேர்ந்து அவரிடம் இருக்கிற உருப்படிக் கணக்கைப் பார்த்தால் பக்கத்துக் காட்டுக்காரர்களைவிடக் குறைவுதான். வசதி இல்லாமல் இல்லை, காடு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வைத்திருக்கிறார்.

வேலியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கொறங்காடு பற்றிப் பேசுகிறவர்கள் நேராகப் புல்லுக்குப் போய்விடுகிறார்கள். கிளுவை முள்ளுள்ள மரம், போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும். மழைக்கு முந்தி, இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கிற போத்துகளாகப் பார்த்து வெட்டி, சின்னக் கால்வாய் எடுத்து நெருக்கமாக நட்டு மண்ணை மிதித்து விடுவார்கள். ஈரம் கூடிப்போனால் போத்து அழுகும், அதனால் தண்ணீர் தேங்குகிற இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. முதல் சில வருஷம் இடைவெளியை முள் வைத்து அடைக்க வேண்டியிருக்கும். அப்புறம் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் ஆட்டுக்குட்டிகூட நுழையாது. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் செத்த மாதிரி நிற்கும், ஒரு மழை விழுந்தால் துளிர்த்துவிடும், அந்தத் துளிரை ஆடு விரும்பிக் கடிக்கும். கம்பி வேலி போட்டால் பணம் ஒருமுறை, துரு பலமுறை. கிளுவைக்குச் செலவெல்லாம் ஆள்கூலிதான். அந்த ஆள்கூலிதான் இப்போது சிக்கல், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இந்த வேலி மாட்டை உள்ளே நிறுத்துவதற்காக என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு, மேய்க்க ஆள் வேண்டாம், ராத்திரியும் மாடு காட்டிலேயே கிடக்கலாம். ஆனால் அதன் பெரிய வேலை மாட்டை வெளியே நிறுத்துவது. பெரியப்பா காட்டில் ஐப்பசி மழை விழுந்த கையோடு இரண்டு துண்டுக்குப் படல் சாத்திவிடுவார். காடு பச்சைப்பசேல் என்று கிடக்கும், மாடு வேலியோரம் நின்று பார்த்துக் கத்தும், வழியில் போகிறவர்கள் எல்லாம் ஏன் விடவில்லை என்று கேட்பார்கள். அவர் விடமாட்டார். “புல்லு கதிரு வெச்சு, வெதெ உதுந்தப்பறந்தான் கண்ணு படலத் தொறக்கோணும். பச்சையக் கண்டதீம் மாட்ட உட்டா அடுத்த வருசம் கல்லத்தான் மேய்க்கோணும்” என்றார் ஒருமுறை. அது வரைக்கும் மாடு எங்கே போகும் என்றேன். “போர்ல தட்டு இருக்குது, மூணாவது காடு இருக்குது, அப்பறம் என்ன” என்று முடித்துவிட்டார். தட்டு என்றது காயவைத்துப் போராக அடுக்கிய சோளத்தாளை.

அவர் சொல்வதற்குள் இருக்கிற புல்லின் கணக்கு இதுதான். கொழுக்கட்டைப்புல் ஒரு தூரைப் பிடுங்கிப் பாருங்கள், லேசில் வராது. வேர் ஆழமாகப் போயிருக்கும், தண்டின் அடி மண்ணை ஒட்டித் தடித்திருக்கும். அந்தத் தடித்த அடியில்தான் புல் தன் இருப்பைச் சேர்த்து வைக்கிறது. மழை விழுந்ததும் வருகிற முதல் தளிர், அந்தச் சேமிப்பைச் செலவழித்து வருவது. இலை விரிந்து வெயிலில் வேலை செய்து செலவழித்ததைத் திருப்பிக் கட்டுவதற்குச் சில வாரம் ஆகும். அதற்கு முந்தி மாடு கடித்தால் புல் மறுபடியும் சேமிப்பில் கை வைக்கிறது, மறுபடியும் கடித்தால் மறுபடியும். இரண்டு மூன்று மழைக்கு இப்படி நடந்தால் தூர் செத்துவிடும், அந்த இடத்தில் மாடு தொடாத கொழிஞ்சியோ பார்த்தீனியமோ உட்கார்ந்துகொள்ளும். மேய்ச்சல் நிலம் கெடுவது பஞ்ச காலத்தில் என்று பலரும் நம்புகிறார்கள். காய்ந்து கிடக்கிற புல்லை மேய்ந்தால் தூருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. மழை விழுந்த முதல் ஒரு மாதத்தில் நடப்பதுதான் நஷ்டம்.

விதை உதிரும் வரை என்று அவர் சொல்வதற்கும் காரணம் உண்டு. கொழுக்கட்டைப்புல் விதை மெல்லிய சுணையோடு இருக்கும், காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தால் வேட்டி ஓரமெல்லாம் ஒட்டியிருக்கும், ஆட்டு மயிரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போகும். ஆனால் உதிர்ந்த விதை உடனே முளைக்காது, சில மாதம் உறங்கும். அதனால் இந்த ஐப்பசி மழைப் புல்லில் இருந்து உதிர்ந்தது அடுத்த மழைக்கோ அதற்கு அடுத்த மழைக்கோதான் பயிராகும். தூர் கிழடாகிக் காடு மெலிந்துவிட்டதாகத் தெரிந்தால் சில வருஷத்துக்கு ஒருமுறை மேலாக உழுது சோளமோ கொள்ளோ விதைப்பார்கள். மண்ணில் கிடக்கிற புல்விதை அதோடு சேர்ந்து முளைத்துக்கொள்ளும்.

திறந்த பிறகும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மாடு, அப்புறம்தான் ஆடு. மாடு நாக்கால் சுற்றி இழுத்துக் கடிக்கிற பிராணி, தரையோடு கடிக்க அதனால் முடியாது, நாலு விரற்கடை தாளை விட்டுவிட்டுத்தான் போகும். ஆட்டுக்கு மேலுதடு பிளந்திருக்கிறது, வாயை மண்ணோடு வைத்துக் கடிக்கும். ஆடு அதிக நாள் நின்றால் அந்தத் தடித்த அடியையே தின்றுவிடும். அதனால் மாடு போன பின்னால் ஆட்டை விட்டு, மிச்சத்தையும் செடி செத்தையையும் மேயவிட்டு, சீக்கிரமே மாற்றிவிடுவார். புல்லுக்கு நடுவே செப்பு நெருஞ்சி, நரிப்பயறு மாதிரி தரையோடு படரும் பயறுச் செடிகள் தானாக வருகின்றன. ஆடு அவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கும். புரதம் அதில்தான்.

புரதம் என்று சொன்னதால் கொறங்காட்டின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். கதிர் வைக்கும் பருவத்தில் புல் நல்ல தீவனம். விதை உதிர்ந்து, தை கழிந்து, மாசி வெயிலில் காய்ந்து நிற்கும்போது அது கிட்டத்தட்ட வைக்கோல்தான். தீவனத்தில் புரதம் சுமார் 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கிற நுண்ணுயிர்களே பட்டினி கிடக்க ஆரம்பிக்கும், அவை சோர்ந்தால் நாரைச் செரிக்க ஆள் இல்லை, வயிறு நிறைந்தும் மாடு இளைக்கும். பெரியப்பா முழுக் காத்திருப்பு காத்து விதையை உதிரவிடுவதால் புல்லின் சத்தில் ஒரு பங்கை இழக்கிறார் என்பது உண்மை. கால்நடைத் தீவனம் படித்த யாரும் பூக்கும் பருவத்திலேயே அறுக்கச் சொல்வார்கள், அறுப்புப் புல்லுக்கு அதுதான் சரி. கொறங்காட்டில் ஒவ்வொரு வருஷமும் எல்லாத் துண்டையும் விதைக்கு விட வேண்டியதில்லை, ஒரு துண்டைப் பூப்பருவத்திலேயே திறந்துவிட்டு மற்றதை விதைக்கு விட்டு, அடுத்த வருஷம் மாற்றினால் இரண்டும் கிடைக்கும் என்று நான் சொன்னேன். கேட்டுக்கொண்டார், செய்யவில்லை.

அந்தக் கோடை இடைவெளியை நிரப்புவது வெள்வேலம். காய் பழுத்து விழுவது சித்திரை, வைகாசி, ஆனியில், அதாவது புல்லில் ஒன்றுமே இல்லாத காலத்தில். காற்றடித்தால் மரத்தடியில் காய் கொட்டும், ஆடுகள் அதற்காகவே மரத்துக்கு மரம் ஓடும். காயில் புரதம் இருக்கிறது, காய்ந்த புல்லோடு அது சேரும்போது வயிற்றில் இருக்கிற நுண்ணுயிருக்குத் தீனி கிடைக்கிறது. கடினமான விதை பல நேரம் செரிக்காமலே புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும், அதனால் மரம் நட ஆள் வைக்க வேண்டாம், முளைத்ததில் எதை விடுவது என்று தேர்ந்தெடுத்தால் போதும். நிழலும் சும்மா இல்லை, நாளெல்லாம் வெயிலில் நிற்கும் மாடு மேய்வதைக் குறைத்துவிடும். (பட்டைச் சாராயத்துக்குப் பட்டை இந்த மரத்தில் இருந்துதான் உரித்தார்கள். அந்தக் கதை தனி.)

மீதியைச் சோளத்தட்டு பார்த்துக்கொள்கிறது. தீவனச் சோளத்தை மானாவாரியில் அடர்த்தியாக விதைத்து, அறுத்துக் காயவைத்து, கட்டுத்தரைப் பக்கத்தில் போர் போட்டு வைப்பார்கள். தட்டுப்போர் இல்லாதவரால் மழைக்காலத்தில் படலைச் சாத்தி வைக்கவே முடியாது, கொறங்காட்டை ஆராய்கிறவர்கள் இந்தப் போரையும் சேர்த்து எண்ணாமல் விடுவது பெரிய ஓட்டை. ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. இளம் சோளத்தில், அதிலும் வாடி நின்ற பயிரிலும், அறுத்த தாளில் இருந்து மழைக்குப் பின் வருகிற துளிரிலும், சயனைடு நஞ்சு உண்டாகும் பொருள் அதிகம். கொறங்காட்டுப் படல் சாத்தியிருக்கும் காலமும் சோளத் தாளில் துளிர் விடும் காலமும் ஒன்றாக வருவதால்தான் ஆபத்து. பசியோடு நிற்கிற மாடு வேலி தாண்டிப் போய் வயிறார மேய்ந்தால், சில நிமிடத்தில் இருந்து சில மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறி விழும், ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் ஊசியாகப் போட்டால் காப்பாற்றலாம், ஆனால் அதற்குக் கால்நடை மருத்துவர் உடனே வர வேண்டும். பூத்த பிறகு அறுத்து நன்றாகக் காயவைத்த தட்டில் இந்தப் பயம் மிகவும் குறைவு.

2016 இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. கொறங்காடு அதைச் சமாளித்தது என்று பெருமையாக எழுத எனக்கு ஆசைதான், ஆனால் முழுசாக அப்படி இல்லை. படல் சாத்தி வைக்கப் புல்லே வரவில்லை, தட்டும் விளையவில்லை, உருப்படிகளை வந்த விலைக்கு விற்றார்கள், பெரியப்பாவும் விற்றார். வித்தியாசம் தெரிந்தது மழை திரும்பிய பிறகு. முந்தைய வருஷங்களில் ஓய்வு கொடுத்து வைத்திருந்த துண்டில் தூர் உயிரோடு இருந்தது, மழை விழுந்த வாரத்திலேயே தளிர்த்தது. வேலி உடைந்து ஊர் ஆடெல்லாம் புகுந்து போன பக்கத்துக் காட்டில் வெறும் மண்ணும் சீமைக்கருவேல் கன்றும்தான். அதே மண், அதே மழை, அதே புல் இனம்.

இதனால்தான், புல் இனமே காரணம் என்று பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றேன். கொழுக்கட்டைப்புல் விதையை வாங்கிப் போய் ஊர் மேய்ச்சல் புறம்போக்கில் தூவிவிட்டு வருகிற திட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். முளைக்கத்தான் செய்யும். படல் இல்லாத இடத்தில் முதல் தளிரிலேயே ஊர் ஆடுமாடு தின்றுவிடும், எல்லாருக்கும் சொந்தமான புல்லை யாரும் காத்திருந்து மேய்க்க மாட்டார்கள், காத்திருக்கிறவருக்கு மிச்சம் இருக்காது. கொறங்காடு தனியார் நிலம், வேலி உண்டு, எப்போது திறப்பது என்று ஒரே ஆள் முடிவு பண்ணுகிறார். பொது நிலத்தில் அந்த முடிவை ஊர் கூடி எடுத்துக் காப்பாற்ற முடிந்தால் அங்கேயும் இது நடக்கும், புல் இனம் அதற்கு அப்புறம்தான்.

சரி, இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் சுருங்கிக்கொண்டு வருகிறது? வறட்சியைவிடப் பாகப்பிரிவினை பெரிய காரணம் என்று நினைக்கிறேன். எட்டு ஏக்கர் நாலு பேருக்குப் பிரிந்தால் ஆளுக்கு இரண்டு ஏக்கர், அதை மூன்று துண்டாக்கி மாற்றி மாற்றி மேய்ப்பது நடக்காத காரியம். அப்புறம் ஆழ்துளைக் கிணறும் வாய்க்கால் தண்ணீரும் எட்டின இடமெல்லாம் தென்னந்தோப்பு ஆகிவிட்டது. ரோட்டோரம் மனைக்கல், மேட்டில் காற்றாலை, அதற்குப் பக்கத்தில் சூரியத் தகடு. காங்கேயம் எருதுக்கு ஏரும் இல்லை, கமலையும் இல்லை, வண்டியும் இல்லை. பசு நாளுக்கு இரண்டு லிட்டரை ஒட்டித்தான் கறக்கும், பால் காசை நம்புகிறவர்கள் ஜெர்சிக் கலப்புக்குப் போனதைக் குறை சொல்ல முடியாது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டின் மேல் ஒரு ஆசை வந்திருக்கிறது, ஆனால் அந்த ஆசையில் மாடு வாங்கினவர்களில் எத்தனை பேர் ஒரு முழம் கிளுவை நட்டார்கள்? வேலி அடைக்க ஆள் கிடைக்காமல் கம்பி போடுகிறார்கள், அதுகூடப் பரவாயில்லை, போடாமலே விடுவதற்கு அது எவ்வளவோ மேல். இன்றைக்குக் கொறங்காட்டைக் காப்பாற்றி வைத்திருப்பது உண்மையில் மாடு இல்லை, ஆடுதான். கறி விலை ஏற ஏற மேச்சேரி ஆட்டுக்குக் காடு தேடுகிறவர்கள் வருகிறார்கள்.

புதிதாகச் செய்ய நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். அறுவடை செய்து சில மாதமான விதையாக வாங்குங்கள், புது விதை முளைக்கவில்லை என்று விதை விற்றவரைத் திட்ட வேண்டியதில்லை. எக்டேருக்கு 6 முதல் 8 கிலோ போதும். சுணையோடு இருப்பதால் காற்றில் பறக்கும், ஈர மண்ணோடோ மணலோடோ பிசைந்து தூவுங்கள், ஆழமாக மூடாதீர்கள், விரல் நகம் அளவு மண் போதும். ஊடே முயல் மசால் போட்டால் புரதக் குறை ஓரளவு தீரும், அதன் விதைத்தோல் கடினம், கொதிக்காத சுடுநீரில் சில நிமிடம் வைத்து எடுத்து ராத்திரி முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்கலாம். முதல் பருவம் ஒரு கால்நடையும் உள்ளே போகக்கூடாது, அவசரம் என்றால் அரிவாளால் அறுத்துப் போடுங்கள், பிடுங்கிப் போடாதீர்கள். சீமைக்கருவேல் கன்றை முழங்கால் உயரத்தில் வேரோடு எடுத்துவிட வேண்டும், ஆள் உயரம் போனால் அப்புறம் இயந்திரம்தான்.

குத்தகைக்கு எடுப்பவர்களும் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தப் பக்கம் கொறங்காட்டை வருஷக் குத்தகைக்கு விடுவது சகஜம். ஒரு வருஷக் குத்தகைக்காரர் அடுத்த வருஷப் புல்லைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறார், கொடுத்த காசுக்குத் தூர் வரை மேய்த்துவிட்டுத்தான் போவார், அது அவர் தப்பும் இல்லை. மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பேசுங்கள், எந்தத் துண்டில் எந்த மாதம் கால்நடை நிற்கக்கூடாது என்பதையும், எத்தனை உருப்படி என்பதையும், வேலி அடைக்கிற கூலி யார் தலையில் என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்வேலங்காய் யாருக்கு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், வைகாசியில் சண்டை வருவதெல்லாம் அதில்தான்.